பாரணையும் சர்க்கரையும்: ஒரு பாடம்



யாம் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில் எமக்குக் கற்பிக்கப்பட்ட விதிகளுள் ஒன்று, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுதல் வேண்டும் என்பது. மற்றொன்று, மாணாக்கன் தவறான விடை கூறினால் அவனைக் கடிந்துகொள்ளாமல், அத்தவறு எங்கே பிறந்தது என்று தேடிப் பார்த்தல் வேண்டும் என்பது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இவ்விரு விதிகளையும் வகுப்பறையில் கடைப்பிடித்தோம். இக்கட்டுரையில் தவறான விடை கூறிய மாணாக்கர் யாமே. அத்தவறு எங்கே பிறந்தது என்பதே இன்றைய பாடம்.

உடல் எடையைக் குறைப்பதற்காக இரைப்பையில் அறுவை செய்துகொண்டவர்களுள் சிலருக்கு, ஓராண்டோ ஈராண்டோ கழித்து, இரத்தத்தில் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துபோகிறது. இதனைத் தாழ்சர்க்கரை நிலை என்று இங்கே குறிப்போம். ஓசூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் பெங்களூர் இருக்கிறது. அங்கே சென்று இவ்வறுவையைச் செய்துகொண்டோர் நம் குடும்பங்களிலும் உளர். உண்ணாநோன்பையும் இரவுண்ணாமையையும் பேணும் இல்லங்களில் இந்நோயைத் தவறாக உணர்ந்துகொள்ள இடம் மிகுதி. ஆதலின் நாம் இதனை அறிந்திருத்தல் நன்று.

நிகழ்ந்தது

சில ஆண்டுகளுக்கு முன் வந்த அட்சய திருதியை நாள். எம் தெருவில் வாழும் நம் சமூகத்துக் குடும்பம் ஒன்றின் மருமகள், நாற்பது வயதை நெருங்குபவர், ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் பணிபுரிபவர். அதற்கு மூன்றாண்டுகள் முன்பு அறுவை செய்துகொண்டார். எடை குறைந்தது, முழங்கால் வலி நீங்கிற்று, நீரிழிவுக்கென்று உண்டு வந்த மாத்திரைகளையும் மருத்துவர் நிறுத்திவிட்டார். நன்றாகவே இருந்தார்.

முதல் நாள் முழுதும் நோன்பிருந்தார். மறுநாட்காலை ஆதிபகவனை வணங்கி, கரும்புச் சாறு ஒரு குவளை அருந்திப் பாரணை செய்தார். தொடர்ந்து பாயசமும் உண்டார். இரண்டு மணி நேரம் சென்றிருக்கும். அவருடைய மாமியார் எம் வீட்டு வாயிலில் நின்று, "டீச்சரம்மா, மருமகள் ஏதேதோ பேசுகிறாள், கொஞ்சம் வந்து பாருங்கள்" என்று அழைத்தார்.

சென்று பார்த்தோம். உடல் முழுதும் வியர்த்திருந்தது. விரல்கள் நடுங்கின. தம் மகனை மைத்துனர் பெயரால் அழைத்தார். எமக்கு ஐயம் எழவில்லை. "நோன்பிருந்த உடம்பு; பசி மயக்கம்தான். இன்னும் சிறிது பாயசம் கொடுங்கள்" என்றோம். கொடுத்தனர். பத்துப் பதினைந்து நிமிடங்களில் தெளிந்தார். எம் விடை சரியென்று எல்லாரும் நம்பினர்; யாமும் நம்பினோம்.

நண்பகலுக்குப் பின் அவர் மீண்டும் மயங்கினார். இம்முறை அடுக்களையில் விழுந்து நெற்றியில் காயம்பட்டது. மருத்துவமனையில் விரல் நுனியில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை, டெசிலிட்டருக்கு 41 மில்லிகிராம் இருந்தது. ஊசி வழியே குளுக்கோஸ் செலுத்திய பின், பணியிலிருந்த இளம் மருத்துவர் எம்மிடம் இரண்டே வினாக்கள் கேட்டார்: "அம்மா, இவருக்கு வயிற்றில் அறுவை நடந்திருக்கிறதா? மயங்குவதற்கு எத்தனை மணி நேரம் முன்பு, என்ன சாப்பிட்டார்?"

யாம் பட்டினியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பட்டினி கிடந்த நேரத்தில் இவருக்கு ஒன்றும் நேரவில்லையே, அம்மா. சாப்பிட்ட பிறகல்லவா விழுந்தார்!" என்றார்.

முதல் நாள் முழுதும் ஒன்றும் உண்ணாதிருந்தபோது நலமாக இருந்தவர், இனிப்பு உண்டு இரண்டு மணி நேரத்தில் மயங்கினார். மீண்டும் இனிப்பு உண்டு மீண்டும் மயங்கினார். சான்று எம் கண் முன்னேயே இருந்தது. நோன்பு, மயக்கம் என்னும் இரண்டையும் பழக்கத்தால் முடிச்சுப் போட்டுவிட்டோம். எம் தவறு பிறந்த இடம் அதுவே.

அணையும் மதகும்

இனி, இது நிகழும் விதத்தைக் காண்போம். தெரிந்ததிலிருந்து தொடங்குவோம். தென்பெண்ணையின் குறுக்கே உள்ள கிருஷ்ணகிரி அணையை நம் மாவட்டத்தார் அனைவரும் அறிவர். ஆற்றில் எவ்வளவு நீர் வந்தாலும் அணை அதனைத் தேக்கிக்கொள்கிறது. மதகின் வழியே அளவாக வாய்க்காலில் விடுகிறது. ஆதலின் வயல் மூழ்குவதுமில்லை, காய்வதுமில்லை.

நம் இரைப்பையும் ஓர் அணையே. அதன் கீழ் வாயில் மதகு போன்ற ஒரு தசை வளையம் உண்டு. உண்ட உணவை இரைப்பை கூழாக்கி, அவ்வளையத்தின் வழியே சிறிது சிறிதாகச் சிறுகுடலுக்கு அனுப்புகிறது.

எடைகுறைப்பு அறுவைகளுள் இரண்டு பெருவழக்கானவை. ஒன்றில், இரைப்பையின் மேற்பகுதியில் சிறு பை ஒன்றை மட்டும் பிரித்து, அதனை நேரே சிறுகுடலோடு இணைத்துவிடுகின்றனர். இதனை மாற்றுவழி அறுவை எனலாம். மருத்துவர் கேஸ்ட்ரிக் பைபாஸ் என்பர். இதில் அணையும் மதகும் ஒருங்கே விலக்கப்படுகின்றன. மற்றொன்றில், இரைப்பையின் முக்கால் பங்கினை நீக்கி, எஞ்சியதை ஒரு குழாய் போல ஆக்குகின்றனர். இது ஸ்லீவ் அறுவை. இதில் மதகு இருக்கும்; அணை சுருங்கிவிடும். தாழ்சர்க்கரை முதல் வகையில் மிகுதி. இரண்டாம் வகையிலும் வருவதுண்டு.

மதகில்லாத வழியில் கரும்புச் சாறு இறங்கினால் என்ன ஆகும்? சர்க்கரை வெள்ளமாகக் குடலுக்குள் பாய்ந்து, விரைவில் இரத்தத்தில் ஏறிவிடும். குடல் திடுக்கிட்டு, ஜி.எல்.பி.-1 என்னும் இயக்குநீரை மிகுதியாகச் சுரந்து கணையத்துக்குச் செய்தி அனுப்பும். கணையம் இன்சுலினை அளவுக்கு மீறிச் சுரக்கும். வயலில் வெள்ளம் புகுந்ததென்று வடிகால்களை எல்லாம் ஒரே நேரத்தில் திறந்துவிடுவது போன்றது இது. வெள்ளமோ சிறிது நேரமே வந்தது. வடிகால்கள் திறந்தபடியே இருக்கின்றன. வயல் வறண்டுபோகிறது. உண்ட ஒரு மணி முதல் மூன்று மணி நேரத்திற்குள் இவ்வறட்சி நேர்கிறது.

மூளைக்கு முதன்மையான எரிபொருள் குளுக்கோஸ். அது தாழும்போது உடல் முதலில் எச்சரிக்கிறது: வியர்வை, நடுக்கம், நெஞ்சு படபடப்பு, திடீர்ப் பசி. மேலும் தாழ்ந்தால் மூளை தடுமாறுகிறது: பார்வை மங்கல், சொற்குழறல், ஆள் அடையாளம் மாறுதல், காரணமற்ற சினம், மயக்கம், சிலருக்கு வலிப்பு. அடிக்கடி தாழ்சர்க்கரை நேர்பவர்க்கு முதற்கட்ட எச்சரிக்கைகள் மழுங்கிப்போவதும் உண்டு. அத்தகையோர் வியர்க்காமலே தடுமாறுவர். அவர்களைக் குடித்தவர் என்றும், பேய் பிடித்தவர் என்றும் பிறர் கருதிவிடுதல் கொடுமையிலும் கொடுமை.

இதனோடு குழப்பிக்கொள்ளக்கூடிய வேறொரு நிலையும் உண்டு. உண்ட பத்து நிமிடம் முதல் ஒரு மணி நேரத்திற்குள் வயிற்று உப்புசம், கழிச்சல், படபடப்பு, முகம் சிவத்தல் ஆகியன வரலாம். செறிந்த இனிப்பு குடலுக்குள் நீரை இழுப்பதால் வருவது அது. சர்க்கரை தாழ்ந்ததால் வருவதன்று. அப்போது சர்க்கரை கொடுத்தால் தொல்லை கூடும். ஆதலின் கடிகாரத்தையும் சர்க்கரை அளவியையும் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

மருத்துவ உலகம் அறிந்த வரலாறு

இன்சுலின் 1921இல் கனடாவின் டொராண்டோவில் கண்டறியப்பட்டது. மிகுதியான இன்சுலின் ஊசியால் நோயாளிகள் மயங்குவதை மருத்துவர்கள் கண்டனர். ஊசியே போடாதவர்க்கும் தம் கணையமே மிகுதியாகச் சுரப்பதால் அதே மயக்கம் வரக்கூடும் என்பதை 1924இல் அமெரிக்க மருத்துவர் சீல் ஹாரிஸ் எடுத்துரைத்தார்.

எடைகுறைப்புக்கான மாற்றுவழி அறுவையை 1966இல் அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்டு மேசன் தொடங்கினார். அதற்குப் பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, 2005இல், மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ஜான் சர்வீஸ் குழுவினர், இவ்வறுவைக்குப் பின் கடுமையான தாழ்சர்க்கரைக்கு ஆளான ஆறு நோயாளிகளைப் பற்றி எழுதினர். அதன் பின்னரே இந்நிலை மருத்துவ உலகில் பரவலாகக் கவனம் பெற்றது. கணையத்தின் உயிரணுக்கள் பெருகிவிட்டமையே காரணம் என்று அவர்கள் கருதினர். அக்கருத்தைப் பின்னர் வந்தோர் பலர் ஏற்கவில்லை. உணவு விரைந்து இறங்குவதும் குடல் இயக்குநீர் மிகுவதுமே முதன்மைக் காரணங்கள் என்று இன்று கருதப்படுகிறது. மருத்துவர்களே காலந்தாழ்த்து உணர்ந்த ஒன்றை அக்குடும்பத்தார் உடனே உணரவில்லையென்று குறை கூறுதல் தகாது.

மயக்கம் வந்தபோது செய்ய வேண்டியன

முதலாவது, இயலுமாயின் விரல் நுனியில் குத்தி அளந்து பார்த்தல். 70 மில்லிகிராமுக்குக் கீழ் எச்சரிக்கை. 54க்குக் கீழ் ஆபத்து. அளவி கையில் இல்லையெனில், அறிகுறிகளைக் கண்டு உடனே அடுத்த படிக்குச் செல்க.

இரண்டாவது, தெளிவாக விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்தல். தேக்கரண்டியால் மூன்று அளவு குளுக்கோஸ் பொடியைச் சிறிது நீரில் கரைத்துக் கொடுக்கலாம். தேன் நம் இல்லங்களில் விலக்கப்பட்ட பொருள், அது தேவையுமன்று. பாயசமும் லட்டுவும் மருந்தல்ல. அவற்றில் அளவு தெரிவதில்லை, நெய் கலந்திருப்பதால் சர்க்கரை இரத்தத்தில் சேரவும் தாமதமாகும்.

மூன்றாவது, பதினைந்து நிமிடம் காத்திருந்து மீண்டும் அளத்தல். இன்னும் 70க்குக் கீழே இருந்தால் அதே அளவு மீண்டும் கொடுத்தல். அச்சத்தினால் ஒரேயடியாக மிகுதியாகக் கொடுத்துவிடுதல் கூடாது. அது இரண்டாம் வெள்ளத்தை உண்டாக்கும். யாம் செய்த பிழை இதுவே.

நான்காவது, தெளிந்த பின் புரதம் மிக்க சிற்றுணவு ஒன்று தருதல். ஒரு துண்டு பன்னீர், அல்லது ஒரு கைப்பிடி வேகவைத்த கொண்டைக்கடலை போதும். முதலுதவியில் தந்த சர்க்கரை மீண்டும் வீழ்ச்சிக்கு வித்தாகாமல் இது தாங்கிப் பிடிக்கும். பலரும் மறப்பது இந்நான்காம் படியையே.

நினைவிழந்தவர் வாயில் நீரோ சர்க்கரையோ ஊற்றுதல் அறவே கூடாது. மூச்சுக்குழலில் புகுந்து உயிருக்கு ஊறு விளைக்கும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108 எண்ணை அழைக்க. அவ்வெண் தமிழ்நாட்டிலும் கருநாடகத்திலும் ஒன்றே.

வாராமல் காக்கும் உணவு முறை

அந்த அம்மையாருக்கு உணவியல் வல்லுநர் எழுதித் தந்த முறையை, அவர் இசைவு பெற்று இங்கே சுருக்கித் தருகிறோம். அளவுகளை ஒவ்வொருவரும் தத்தம் மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்க.

ஒரு வேளை உணவில் மாவுச்சத்து 30 கிராமுக்கு மேற்படாமலும், சிற்றுணவில் 15 கிராமுக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். வெந்த சோறு 100 கிராமில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து உண்டு. ஆதலின் ஒரு சிறு கிண்ணச் சோறே ஒரு வேளைக்கு எல்லை. மாம்பழச் சதை 100 கிராமில் ஏறத்தாழ 15 கிராம். ஆகவே இரண்டு மூன்று துண்டுகள் உண்ணலாம், பருவம் வந்ததென்று முழுப்பழம் உண்ணலாகாது. புட்டியில் அடைத்த மாம்பழச் சாறு வேண்டவே வேண்டா.

நம் பகுதிக்குரிய கேழ்வரகினைப் பற்றிப் பலரும் வினவுகின்றனர். கேழ்வரகு நல்ல தானியமே. எனினும் அதிலும் மாவுச்சத்து மிகுதி. களியாகச் சிறிதளவு, கீரையோடும் பருப்போடும் மென்று உண்பது ஒன்று; அதனையே கூழாகக் கரைத்து ஒரு செம்பு குடிப்பது வேறொன்று. குடிப்பது விரைந்து இறங்கும். மதகு இழந்தவர்க்கு இவ்வேறுபாடு பெரிது.

உண்ணும் வரிசையும் கவனிக்கத் தக்கது. முதலில் பருப்பு, பயறு, பன்னீர், தயிர் முதலிய புரத உணவு, அடுத்துக் காய், இறுதியில் சோறோ சப்பாத்தியோ. நாளொன்றுக்குப் புரதம் 60 கிராமுக்குக் குறையலாகாது என்பர். உணவோடு நீர் அருந்தாமல், அரைமணி நேரம் இடைவெளி விட்டு அருந்துதல் வேண்டும். மூன்று மணிக்கொருமுறை சிறிது சிறிதாக உண்ணுதல் வேண்டும். நன்கு மெல்லுதல் வேண்டும்.

உணவு முறையால் மட்டும் அடங்காதவர்க்கு மருந்துகள் உண்டு. அவற்றுள் அகார்போஸ் என்பது மாவுச்சத்து செரிப்பதைத் தாமதப்படுத்துவது. அதனை உண்பவர்க்கு மயக்கம் வந்தால் வீட்டுச் சர்க்கரை விரைந்து உதவாது. அம்மருந்து அதன் செரிமானத்தையும் தடுத்துவிடும். அவர்க்குக் குளுக்கோஸ் பொடியே தருதல் வேண்டும். இச்செய்தியை வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

நோன்பும் இரவுண்ணாமையும்

இனி, நம் இல்லங்களில் எழும் வினாவுக்கு வருவோம். அறுவை செய்துகொண்டவர் நோன்பிருக்கலாமா?

உண்டதன் பின் வரும் இத்தாழ்சர்க்கரை, இரவு முழுதும் உண்ணாதிருப்பதால் வழக்கமாக வருவதன்று. ஆகவே இரவுண்ணாமையைக் கைவிட்டால்தான் பிழைப்பார் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் மூன்றைத் தெளிவாக அறிதல் வேண்டும்.

ஒன்று: உண்ணாத வேளையில், விடியற்காலையில், அல்லது நோன்பின் நடுவில் சர்க்கரை தாழ்ந்தால், அதற்கு வேறு காரணம் இருத்தல் கூடும். அதனை மருத்துவர் ஆராய்ந்தே தீர வேண்டும். நீரிழிவுக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்னும் எடுத்துக்கொள்பவர்க்குப் பட்டினியே ஆபத்து. அவர்கள் மருத்துவரைக் கேளாமல் ஒரு வேளையும் உணவை விலக்கலாகாது.

இரண்டு: நீரும் அருந்தா நோன்பு இவர்களுக்கு ஏற்றதன்று. இரைப்பை சிறிதாகிவிட்டமையால், இழந்த நீரைப் பின்னர் விரைந்து ஈடுசெய்ய இயலாது. அறுவை முடிந்த முதலாண்டில் எவ்வகை முழுநோன்பும் வேண்டா. பி12, இரும்பு, சுண்ணாம்புச் சத்து ஆகியன குறையாமலிருக்க வாழ்நாள் முழுதும் மருந்து தேவை. மரக்கறி மட்டுமே உண்ணும் நமக்கு பி12 குறைபாடு மேலும் எளிதில் வரும்.

மூன்று: இரவில் மயக்கம் வந்தால், கதிரவன் மறைந்ததென்று காத்திராமல் குளுக்கோஸ் கொடுத்தல் வேண்டும். அது மருந்து. மருந்தும் நீரும் நீங்கலாக என்று எல்லை வகுத்து விரதம் ஏற்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. நோயுற்றவர் தம் குருமாரிடம் நிலையை எடுத்துரைத்து, தொடக்கத்திலேயே அவ்வாறு எல்லை வகுத்துக்கொள்வது நன்று.

அந்த அம்மையார் தம் உணவைக் காலை ஏழு, பத்து, பகல் ஒன்று, மூன்றரை, மாலை ஐந்தே முக்கால் என்று ஐந்தாகப் பகுத்துக்கொண்டார். இரவுண்ணாமை குறைவின்றி நடக்கிறது. புறத்தவம் ஆறனுள் வயிறு நிரம்ப உண்ணாமையாகிய அவமோதரியமும், சுவைகளை விடுதலாகிய இரசபரித்தியாகமும் உண்ணாமைக்கு இணையாக எண்ணப்பட்டுள்ளன. "நோன்பிருக்க முடியவில்லையே" என்று அவர் வருந்தியபோது இதனை நினைவூட்டினோம். அவர் நாள்தோறும் ஐந்து முறை அளவறிந்து எழுகிறார். நிரம்ப உண்டுவிட்டு ஒரு நாள் நோன்பிருக்கும் எம்மைப் போன்றோரினும் அது எளிதன்று.

தொழிற்சாலையும் எல்லையும்

ஓசூரில் மூன்று முறைப் பணி செய்வோர் மிகுதி. உணவு இடைவேளை முறைக்கு முறை மாறும். பசி மிகுந்து, கிடைத்ததை விரைந்து உண்டு, மீண்டும் எந்திரத்தின் முன் நிற்கையில், இரண்டாம் மணி நேரத்தில் கை நடுங்கினால் விளைவு என்னவாகும்? ஆகவே அறுவை செய்துகொண்டவர் தம் நிலையை மேற்பார்வையாளரிடமும், அருகில் பணிபுரியும் ஒருவரிடமும் சொல்லிவைத்தல் வேண்டும். சட்டைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருத்தல் வேண்டும். வண்டி ஓட்டுமுன் அளந்து பார்த்தல் வேண்டும். வழியில் தடுமாற்றம் தோன்றினால், ஓரத்தில் நிறுத்தி, குளுக்கோஸ் உண்டு, சர்க்கரை ஏறி முக்கால் மணி நேரம் கழிந்த பின்னரே மீண்டும் ஓட்டுதல் வேண்டும். அத்திப்பள்ளி வழியே நாள்தோறும் பெங்களூர் செல்வோர் இதனை மறவற்க.

எல்லையில் வாழ்வோர்க்கு வேறோர் இடரும் உண்டு. அறுவை நடந்தது ஒரு மாநிலத்தில். மயங்கி விழுவது மற்றொரு மாநிலத்தில். மருத்துவமனைக் குறிப்பேடு பெட்டியில் உறங்கும். தூக்கிச் செல்பவர்க்குச் செய்தி தெரியாது. எனவே ஒரு சிறு அட்டையில், தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும், அறுவையின் பெயர், ஆண்டு, உண்ணும் மருந்துகள், "மயங்கினால் சர்க்கரை அளவைப் பார்க்கவும்" என்னும் வரி, வீட்டுத் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதி உடன் வைத்திருத்தல் வேண்டும். அந்த அம்மையாருக்கு அவ்வட்டையைத் தமிழில் யாம் எழுதித் தந்தோம். எம் தவறுக்கு யாம் செய்த கழுவாய் அதுவே.

பயிற்சி வினாக்கள்

1. உண்ட இருபது நிமிடத்தில் வயிறு உப்பிப் படபடப்பு வருகிறது. உடனே சர்க்கரை கொடுக்கலாமா? (கொடுத்தல் கூடாது, அளந்து பார்த்தல் வேண்டும்.)

2. குளுக்கோஸ் கொடுத்துத் தெளிந்துவிட்டார். பணி முடிந்ததா? (முடியவில்லை, புரதச் சிற்றுணவு தருதல் வேண்டும்.)

3. அகார்போஸ் உண்பவர்க்கு மயக்கம். எதனைத் தருவீர்? (குளுக்கோஸ் மட்டும்.)

4. விடியற்காலையில் வெறும் வயிற்றில் சர்க்கரை தாழ்கிறது. அறுவையே காரணமென்று விட்டுவிடலாமா? (கூடாது, வேறு காரணத்தை மருத்துவர் ஆராய்தல் வேண்டும்.)

5. உண்ட உணவு, உண்ட நேரம், மயங்கிய நேரம், சர்க்கரை அளவு ஆகிய நான்கையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருவதன் பயன் யாது? (இதற்கு விடையை நீவிரே எழுதுக. அவ்வாறு ஒரு வாரம் எழுதியிருந்தால், எமக்கு மருத்துவர் சொல்லித் தர வேண்டியிருந்திராது.)

நிறைவாக

அடுத்த ஆண்டு அட்சய திருதியை வந்தது. அந்த இல்லத்தில் ஒரு தயக்கம். கரும்புச் சாறு அருந்தாமல் அந்நாளைக் கொண்டாடுவது எப்படி என்று மாமியார் கலங்கினார். அப்போது மருமகளே அந்நாளின் வரலாற்றை எடுத்துச் சொன்னார். ஓராண்டு உணவின்றி இருந்த ஆதிபகவனுக்கு அத்தினாபுரத்தில் சிரேயாம்சன் கரும்புச் சாறு அளித்த நாள் அது. நாம் அந்நாளைப் போற்றுவது, கொடுக்கும் முறையை உலகம் முதன்முதல் அறிந்தது என்பதற்காகவே அன்றோ! "அத்தை, குடிப்பது மட்டுமா அந்த நாள்? கொடுப்பதும்தானே" என்றார்.

அன்று காலை அவர் நோன்பிருந்து வந்தோர் அனைவர்க்கும் தம் கையால் கரும்புச் சாறு வழங்கினார். வட இந்தியச் சமணக் குடும்பங்களிலிருந்து ஓராண்டு வர்ஷிதபம் நிறைவு செய்த இருவரும் அவர்களுள் இருந்தனர். அதன் பின் ஒரு மூலையில் அமர்ந்து, வேகவைத்த பாசிப்பயறும் சிறிது பன்னீரும் மென்று தம் காலை உணவை முடித்தார். இரண்டு மணி நேரம் கழித்து அளந்து பார்த்து, எண்ணை எம்மிடம் காட்டினார்: 92.

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்று தானம் நால்வகை. இந்நோயுற்றவர்க்கு நால்வகையும் வேண்டும். அளவறிந்த உணவும், நேரமறிந்த மருந்தும், நோயைப் பற்றிய அறிவும், "நீ வேண்டுமென்றே செய்யவில்லை" என்று சொல்லி அச்சம் நீக்கும் ஒரு குரலும் வேண்டும். உங்கள் இல்லத்திலோ அண்டை வீட்டிலோ இவ்வறுவை செய்துகொண்டவர் இருப்பின், இப்பாடத்தை அவர்க்கும் அவர் வீட்டார்க்கும் படித்துக் காட்டுக. மயக்கம் கண்டால் முதலில் வினவுக: எப்போது உண்டார், என்ன உண்டார்? எமக்கு அந்நாளில் தெரியாத அவ்விரு வினாக்களும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.